எண்ணிப் பார்த்தீர்களா?

"சித்தி! இன்றைக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் தீப் பிடித்துக்கொண்டதே, உனக்குத் தெரியுமா?"

போன மாதம் ஒரு புதன்கிழமை மாலை, புத்தகப் பையைக் கூடத்தில் வீசிவிட்டு என் அக்காள் பெண் இப்படிச் சொன்னாள். காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அக்காவின் கையிலிருந்து டபரா நழுவி விழுந்தது. வயிற்றில் புளியைக் கரைத்தது என்பார்களே, அதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கிற்று.

"ஐயோ! என்னடி சொல்கிறாய்? யாருக்கு என்ன?" என்று பதறினாள் அக்கா.

"யாருக்கும் ஒன்றும் இல்லை அம்மா. நிஜத் தீ இல்லை, பொய்த் தீ! மணி அடித்தார்கள். நாங்கள் எல்லாரும் வரிசையாய்ப் போய் மைதானத்தில் நின்றோம். டிரில் மாஸ்டர் போட்டோ எடுத்தார். அப்புறம் திரும்பி வந்துவிட்டோம்."

போன உயிர் திரும்பி வந்தது எங்களுக்கு. குழந்தைகளுக்கு இப்படி ஒத்திகை நடத்துவது நல்ல காரியந்தானே என்று பேசிக்கொண்டோம். சிந்திய காப்பியைத் துடைத்துவிட்டு அக்கா மறுபடியும் பால் வைத்தாள். எட்டு வயதுப் பெண்ணுக்கு மட்டும் இன்னும் ஏதோ மிச்சம் இருந்தது. முறுக்கைக் கடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"ஆனால் சித்தி, என் பக்கத்தில் உட்காருவாளே, அந்தப் பெண் அப்போது பாத்ரூமுக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது வகுப்பில் ஒருவருமே இல்லையாம். பயந்து போய் பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நாங்கள் வந்த பிறகுதான் டீச்சருக்கே தெரிந்தது."

"மைதானத்தில் உங்களை எண்ணவில்லையா?" என்றேன்.

"எண்ணுவார்களா என்ன?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள் அவள்.

"விடடி, ஒத்திகைதானே" என்றாள் அக்கா. ஆனால் அவள் குரலில் சுரத்து இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தை கண்ணெதிரே வந்துகொண்டே இருந்தாள். ஒத்திகையில் ஒரு குழந்தை விட்டுப் போயிற்றென்றால், நிஜமாகவே ஆபத்து வந்த அன்று எத்தனை பேர் விட்டுப் போவார்கள்? அவர்களை எண்ணவேண்டிய பொறுப்பு யாருடையது? அது எங்கே எழுதியிருக்கிறது? எழுதிவைக்கச் சர்க்கார் என்ன உதவி செய்கிறது? இந்த வாரம் இதைப் பற்றித்தான் உங்களோடு பேச உத்தேசம்.

* * *

பள்ளிக்கூடமும் தீயும் என்றதும் தமிழ்நாட்டுத் தாய்மார்களுக்கு ஒரே ஓர் ஊர்தான் ஞாபகத்துக்கு வரும்.

2004-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி. கும்பகோணம் காசிராமன் தெரு. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிக்கூடங்கள். மதிய உணவுக்காக அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். சமையற்கூடத்தில் பற்றிய தீ, கீற்றுக் கூரைக்குத் தாவி, மேலே சின்னஞ்சிறு குழந்தைகள் படித்துக்கொண்டிருந்த வகுப்புகளின் கூரையையும் பிடித்துக்கொண்டது. இறங்கி ஓடுவதற்கு அகலமான வழி இல்லை. எரியும் கூரை குழந்தைகள் தலைமேலேயே சரிந்தது. 94 பிஞ்சு உயிர்கள் போயின. அநேகமாய் எல்லாரும் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள். காலையில் தலை வாரிப் பூ வைத்து அனுப்பிய தாய்மார்கள், பிற்பகலில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள்.

அந்தத் துயரத்தை இங்கே விஸ்தரித்து எழுத எனக்கு மனம் இல்லை. உங்களுக்கும் படிக்க மனம் இராது. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்டுத்தான் ஆகவேண்டும். அந்தக் குழந்தைகளைக் காப்பாற்ற என்ன தேவைப்பட்டிருக்கும்? வெளி தேசத்து இயந்திரமா? கோடி ரூபாய்த் திட்டமா? இல்லை. அடுப்பு வகுப்பை விட்டு எட்டி இருந்திருக்க வேண்டும். தலைக்கு மேலே கீற்று இல்லாதிருந்திருக்க வேண்டும். வெளியே வர இரண்டு வழி இருந்திருக்க வேண்டும். 'தீ' என்று குரல் கேட்டதும் எந்த வகுப்பு எந்தப் பக்கம் இறங்குவது என்பது முன்பே பழக்கமாகியிருக்க வேண்டும். இவ்வளவுதான். இதில் பணம் பிடிக்கிற விஷயம் பாதி. யோசனை பிடிக்கிற விஷயம் பாதி.

விபத்துக்குப் பிறகு சர்க்கார் சுறுசுறுப்பாயிற்று. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. வழக்கு மட்டும் ஆமை வேகத்தில் நகர்ந்தது. 2014 ஜூலை 30-ல்தான் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. பத்துப் பேருக்குத் தண்டனை, பதினொரு பேருக்கு விடுதலை. குழந்தைகளை இழந்தவர்கள் பத்து வருஷம் காத்திருந்தார்கள். தண்டனை கூடியதா குறைந்ததா என்ற வாதம் வேறு. எந்தத் தண்டனையும் ஒரு குழந்தையையாவது எழுப்பிக் கொண்டு வருமா? ஆகவேதான், நடந்த பிறகு தண்டிப்பதைக் காட்டிலும் நடக்காமல் தடுக்கும் வழி முக்கியம் என்கிறேன்.

* * *

உலகத்தில் பாதுகாப்புச் சட்டங்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்கு நம் சமையலறையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. காஸ் அடுப்பைச் சரியாக மூடாவிட்டால் அழுகின முட்டைக்கோஸ் மாதிரி ஒரு நாற்றம் வருகிறதல்லவா? அந்த நாற்றம் காஸுக்குச் சொந்தமானது அன்று. வேண்டுமென்றே அதில் கலக்கிறார்கள். ஏன் என்று நான் விசாரித்தபோது, கதை ஒரு பள்ளிக்கூடத்தில் போய் முடிந்தது.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் நியூ லண்டன் என்று ஒரு சிற்றூர். எண்ணெய்க் கிணறுகளால் செழித்த ஊர். பள்ளிக்கூடமும் பணக்காரப் பள்ளிக்கூடம். கட்டடத்தைச் சூடாக வைத்திருக்கும் செலவைக் குறைக்க எண்ணி, எண்ணெய்க் குழாய் வழியே வீணாய்ப் போகும் காஸை இழுத்துக்கொண்டார்கள். அதற்கு வாசனையே கிடையாது. கசிந்து கசிந்து அது தரைக்கு அடியில் நிறைந்தது. 1937 மார்ச் 18-ஆம் தேதி பிற்பகல், தொழிற்பயிற்சி அறையில் ஒரு மின்சாரக் கருவியிலிருந்து பொறி பறந்தது. கட்டடம் வெடித்துச் சிதறிற்று. சுமார் 300 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் மாணவர்கள். பக்கத்து உடற்பயிற்சிக் கூடத்தில் பெற்றோர் சங்கக் கூட்டத்துக்கு வந்திருந்த தாய்மார்கள், தங்கள் கண்ணெதிரிலேயே அதைப் பார்த்தார்கள்.

அதே வருஷம் டெக்ஸாஸ் சட்டசபை, காஸில் நாற்றம் சேர்த்தே தீரவேண்டும் என்று சட்டம் செய்தது. பிறகு அந்த வழக்கம் எங்கும் பரவி, இன்று உங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்திருக்கிறது. முகம் தெரியாத அந்தக் குழந்தைகள் தினந்தோறும் நம்மை எச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கும்பகோணத்துக் குழந்தைகளும் அப்படி ஒன்றை விட்டுப் போயிருக்கிறார்கள். விபத்து நடந்த 2004-ஆம் வருஷமே சுப்ரீம் கோர்ட்டில் ஒரு பொதுநல வழக்குப் போடப்பட்டது. 2009 ஏப்ரல் 13-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கல்வி பெறும் உரிமை என்றால், ஆபத்தில்லாத பள்ளிக்கூடத்தில் படிக்கும் உரிமையும் அதற்குள் அடக்கம் என்றது நீதிமன்றம். தீயணைக்கும் சாதனங்கள் வேண்டும். அவற்றைக் கையாள ஆசிரியர்களுக்கும் சிப்பந்திகளுக்கும் பயிற்சி வேண்டும். தேசியக் கட்டட விதிகளுக்கு உட்படாத கட்டடத்துக்கு அங்கீகாரம் கூடாது என்று வரிசையாக உத்தரவிட்டது. 2016-ல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், பள்ளிப் பாதுகாப்புக்கென்று தனியாக நெறிமுறை வெளியிட்டது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பேதம் அதில் இல்லை. 2017-ல் சுப்ரீம் கோர்ட், அதை நடைமுறைக்குக் கொண்டுவரும்படி மாநிலங்களுக்குச் சொல்லிற்று.

அந்த நெறிமுறையைப் படித்துப் பார்த்தேன். பயப்படாதீர்கள், முழுவதையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. சாரம் இதுதான்: ஒவ்வொரு பள்ளிக்கும் சொந்தமாக ஒரு பாதுகாப்புத் திட்டம் இருக்கவேண்டும். பக்கத்துப் பள்ளியின் திட்டத்தைப் பார்த்து எழுதியது உதவாது. ஆற்றங்கரைப் பள்ளிக்கு வெள்ளம் பயம். நெடுஞ்சாலைப் பள்ளிக்கு வண்டி பயம். சந்துக்குள் மூன்று மாடிப் பள்ளிக்குத் தீப் பயம். ஒரு பொறுப்பாசிரியர் வேண்டும். ஒத்திகை நடக்கவேண்டும். வருஷத்துக்கு ஒரு முறையாவது திட்டத்தைத் தூசி தட்டித் திருத்தவேண்டும். சுவரும் கூரையும் மட்டும் பார்த்தால் போதாது. சுவரோடு பிணைக்காத உயரமான அலமாரி, தொங்குகிற மின்விசிறி, ஆய்வுக்கூடத்து அமிலப் புட்டி எல்லாம் கணக்கில் சேரும்.

* * *

"எல்லாம் சரி, பணம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. குடும்பம் நடத்துகிறவர்கள் கேட்கவேண்டிய கேள்விதான் அது.

2011-ல் மத்திய சர்க்கார் ஒரு மாதிரித் திட்டம் ஆரம்பித்தது. நிலநடுக்க அபாயம் அதிகமுள்ள 22 மாநிலங்களில், 43 மாவட்டங்களில், மாவட்டத்துக்கு 200 பள்ளிகள் வீதம் 8,600 பள்ளிகள். செலவு 48 கோடியே 47 லட்சம் ரூபாய். கடைக் கணக்குப் போல வகுத்துப் பார்த்தால் பள்ளிக்குச் சுமார் 56,000 ரூபாய் வருகிறது. அன்றைய நிலநடுக்க வரைபடப்படி தமிழ்நாடு அந்த வட்டத்துக்குள் வரவில்லை.

அப்படியானால் நமக்கு ஒன்றும் இல்லையா? இருக்கிறது. 2018-ல் தொடங்கிய 'சமக்ர சிக்ஷா' திட்டத்தில், பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து அரசுப் பள்ளிக்கு வருஷத்துக்கு 10,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. பழுது பார்க்கவும், உடைந்த சாமானை மாற்றவும் அது பயன்படும். பெரிய தொகை அன்று. ஆனால் மின்கம்பியைச் சீர் செய்யவும், அலமாரியைச் சுவரோடு பிணைக்கவும், பின்வாசல் கதவின் தாழ்ப்பாளை மாற்றவும் இதைவிட அதிகம் ஆகாது.

இதைவிட முக்கியமான ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் இதை எழுத உட்காரும் வரையில் தெரியாது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தில் 'பள்ளி மேலாண்மைக் குழு' என்று ஒன்று உண்டு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும். அரசுப் பள்ளியில் இந்தக் குழுதான் 'பள்ளி மேம்பாட்டுத் திட்டம்' எழுதவேண்டும். அந்தத் திட்டத்தை அடிப்படையாக வைத்துத்தான் சர்க்கார் மானியம் தரவேண்டும் என்று சட்டத்தின் 22-வது பிரிவு சொல்கிறது.

சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். சர்க்கார் பணம் எங்கே போகவேண்டும் என்று தீர்மானிக்கும் காகிதத்தை எழுதும் உரிமை, இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையின் தாயாருக்கு இருக்கிறது! 'மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை', 'கழிப்பறைச் சுவரில் விரிசல்' என்று அவள் சொல்லி அது எழுத்தில் ஏறினால், அது ஒரு கோரிக்கை. எழுத்தில் ஏறாவிட்டால் வெறும் புலம்பல். சளைக்காமல் மளிகைச் சீட்டு எழுதுகிற நாம், குழுக் கூட்டத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம்.

கழிப்பறைச் சுவர் என்று நான் ஏதோ பேச்சுக்குச் சொல்லவில்லை. 2021 டிசம்பர் 17-ல் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டார்கள். அதன் பிறகு தமிழ்நாடு முழுவதும் பாழடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். 2025 ஜூலை 25-ல் ராஜஸ்தானத்து ஜாலாவார் மாவட்டத்தில் பள்ளிக் கூரை விழுந்து ஏழு குழந்தைகள் இறந்தார்கள். மறுநாளே எல்லா மாநிலங்களும் பள்ளிக் கட்டடங்களைச் சோதிக்கவேண்டும் என்று டில்லியிலிருந்து உத்தரவு பறந்தது. 2012-ல் சென்னைக்கு அருகே பள்ளிப் பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து உயிரிழந்தாள். அந்த வருஷமே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு புத்தகப் பை கிடக்கிறது. விதி முன்னால் வந்து, பை வீட்டுக்குத் திரும்பும் காலம் எப்போது?

* * *

'திட்டம் எழுதிவிட்டோம், சர்க்காருக்கு அனுப்பிவிட்டோம், கடமை முடிந்தது' என்று இருந்துவிட முடியுமா? முடியாது என்பதை ஜப்பான் தேசம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

நிலநடுக்க ஒத்திகையில் ஜப்பானியரை மிஞ்ச ஆள் இல்லை. அந்தத் தேசத்தில், இஷினோமாகி நகரைச் சேர்ந்த ஒகாவா என்னும் ஆரம்பப் பள்ளி ஆற்றங்கரையில் இருந்தது. கடல் சுமார் நாலு கிலோமீட்டர் தூரம். 2011 மார்ச் 11-ஆம் தேதி பிற்பகல் 2 மணி 46 நிமிஷத்துக்குப் பூமி அதிர்ந்தது. ஆசிரியர்கள் குழந்தைகளை ஒழுங்காக மைதானத்துக்கு அழைத்து வந்தார்கள். அதுவரையில் குறை சொல்ல இடமில்லை. அடுத்தாற்போல் எங்கே போவது?

பள்ளியின் பாதுகாப்புக் கையேட்டில், 'அருகிலுள்ள காலி இடம் அல்லது பூங்கா' என்ற தோரணையில் எழுதியிருந்தது. எந்தக் காலி இடம், எந்தப் பூங்கா என்று எழுதவில்லை. எழுதியவர் எப்போதோ எழுதினார். சரிபார்க்க வேண்டியவர் சரிபார்க்கவில்லை. பள்ளிக்குப் பின்னால் ஒரு குன்று இருந்தது. குழந்தைகள் காளான் வளர்க்கப் பாடவேளையில் ஏறிப் பழகிய குன்றுதான். ஏறலாமா கூடாதா என்று பெரியவர்கள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தொரு நிமிஷம் கழிந்தது. கடைசியில் ஆற்றுப் பாலத்தருகே இருந்த மேட்டை நோக்கிப் புறப்பட்டார்கள். எதிரே தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பள்ளியின் 108 குழந்தைகளில் 74 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். பத்து ஆசிரியர்களும் மாண்டார்கள்.

இருபத்து மூன்று குழந்தைகளின் பெற்றோர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2018-ல் செண்டாய் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு நாம் அனைவரும் கவனிக்கவேண்டியது. அன்றைக்கு மைதானத்தில் ஆசிரியர்கள் செய்த பிசகோடு அது நிற்கவில்லை. ஆபத்து வருவதற்கு வெகு முன்பே, கையேட்டைத் திருத்தாமல் விட்ட பள்ளி நிர்வாகமும், அதைப் பரிசீலிக்காமல் கோப்பில் வைத்துக்கொண்ட நகரக் கல்விக் குழுவும் பொறுப்பாளிகள் என்றது. 2019-ல் ஜப்பானின் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. நஷ்டஈடு சுமார் 143 கோடி யென். ஆக, பள்ளிக்கூடத்துத் திட்டம் அரைகுறையாக இருந்தால் அதைப் படித்துத் திருத்துவதும் சர்க்காரின் வேலைதான். வாங்கி அடுக்கி வைப்பது உதவி ஆகாது.

அதே நாள், அதே கடல், அதே வடகிழக்குக் கரை. கமாயிஷி என்னும் ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளியும் ஓர் ஆரம்பப் பள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பூமி ஆட்டம் நின்றதும் பெரிய பிள்ளைகள் மேட்டை நோக்கி ஓடத் தொடங்கினார்கள். அதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளும் ஓடினார்கள். பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குறிப்பிட்டிருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, பின்னால் இருந்த சரிவு பெயர்ந்திருப்பதைக் கண்டு, 'இது போதாது' என்று இன்னும் மேலே ஓடினார்கள். அந்த இரண்டு பள்ளிகளிலும் அன்று இருந்த சுமார் 570 பிள்ளைகளும் பிழைத்தார்கள்.

இது அதிர்ஷ்டமா? இல்லை. சில வருஷங்களுக்கு முன்பிருந்தே கதாதா என்ற பேராசிரியர் அந்த ஊருக்கு வந்து வந்து சொல்லிக்கொடுத்தார். வரைபடத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதே. உன்னால் ஆன மட்டும் முயற்சி செய். நீயே முதலில் ஓடு, உன்னைப் பார்த்து மற்றவர்கள் ஓடுவார்கள். இந்த மூன்றுதான் பாடம். நகரக் கல்விக் குழு ஆசிரியர்களுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்தது. கணக்குப் பாடத்தில்கூட அலையின் வேகத்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ஓர் ஊரில் திட்டம் கோப்பில் இருந்தது. மற்றோர் ஊரில் அது குழந்தைகளின் காலில் இருந்தது.

* * *

நம் வீட்டுக்குத் திரும்புவோம்.

மறு வாரம் அக்கா தலைமையாசிரியை அம்மாளைப் பார்க்கப் போனாள்; நானும் கூடப் போனேன். தனியார் பள்ளி அது. தனியார் பள்ளிகள் அங்கீகாரம் பெறக் கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று நான்கும் வேண்டும். நான்கும் இருந்தன. தீயணைப்பான்கள் சிவப்பாய்ப் பளபளவென்று மாட்டியிருந்தன. "எப்போது கடைசியாக நிரப்பினீர்கள்?" என்று கேட்டேன். சீட்டைப் பார்த்தார்கள், தேதி கடந்து நாலு மாதம் ஆகியிருந்தது. "இதை எடுத்து இயக்கத் தெரிந்தவர்கள் யார்?" என்றேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள். அவருக்கும் தெரியவில்லை. ஊசியை இழுத்து, குழாயைத் தீயின் அடிப்பாகத்துக்குக் காட்டி, பிடியை அழுத்தி, இப்படியும் அப்படியும் வீசவேண்டும். காரியம் என்னவோ இவ்வளவுதான். ஒரு தரம் கையால் செய்து பார்க்காதவருக்கு அந்தச் சமயத்தில் கை வராது.

தலைமையாசிரியை நல்ல மனுஷி. கோபித்துக்கொள்ளவில்லை. "ஒத்திகை நடத்தவேண்டும், தேதியும் போட்டோவும் அனுப்பவேண்டும் என்று சர்க்குலர் வந்தது. அப்படியே செய்தோம். எண்ணவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லையே" என்றார். மனத்தில் பட்டதை மறைக்காமல் சொன்ன அந்த வார்த்தைக்காக எனக்கு அவர்மேல் மரியாதை உண்டாயிற்று. தேதியும் போட்டோவும் கேட்கிற சர்க்கார், 'எத்தனை பேர் வகுப்பில் இருந்தார்கள்? எத்தனை பேர் மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள்? எவ்வளவு நிமிஷம் ஆயிற்று?' என்று இன்னும் மூன்று வரி சேர்த்துக் கேட்டால் போதும். ஒத்திகையின் முகமே மாறிவிடும். இதற்குத் தனியாக நிதி ஒதுக்க வேண்டியதில்லை.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த தடவை பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மார்க்கை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பாதுகாப்புத் திட்டம் காகிதத்தில் இருக்கிறதா, அதைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். இரண்டாவது வழி எது, அதன் சாவி யாரிடம், அந்த ஆள் லீவு போட்டால் யாரிடம் என்று கேளுங்கள். சாப்பாட்டு மணியிலும் ஒரு முறை ஒத்திகை நடத்தச் சொல்லுங்கள். ஆபத்து பாடவேளை பார்த்து வருவதில்லை. நடக்க முடியாத குழந்தை ஒன்று வகுப்பில் இருந்தால், அதைத் தூக்கி வருபவர் இன்னார் என்று பெயர் சொல்லச் சொல்லுங்கள். அவசரத்தில் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்ற ஜாபிதாவில் உங்கள் இப்போதைய டெலிபோன் நம்பர் இருக்கிறதா பாருங்கள். உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், மேலாண்மைக் குழுவில் இதை எழுத்தில் ஏற்றுங்கள். கேட்டால் ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ என்று கூசவேண்டாம். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற நமக்கு இதில் என்ன கூச்சம்?

போன திங்கட்கிழமை சாயங்காலம் என் அக்காள் பெண் மறுபடியும் பையை வீசிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"சித்தி, இன்றைக்கும் பொய்த் தீ! சாப்பாட்டு மணியில்! பாதி இட்டிலியோடு ஓடினோம்!"

"எண்ணினார்களா?"

"எங்கள் வகுப்பை என் பக்கத்துப் பெண்தான் எண்ணினாள். டீச்சர் அவளையே எண்ணச் சொல்லிவிட்டார். முதலில் நாற்பத்தொன்று வந்தது. நாங்கள் நாற்பத்திரண்டு பேர் அல்லவா? அவள் அழப் போய்விட்டாள். அப்புறம் டீச்சர் ரிஜிஸ்தரைப் பார்த்து, ஒரு பையனுக்கு ஜுரம், இன்றைக்கு வரவில்லை என்றார். அதற்கப்புறந்தான் அவள் 'சரி' என்று சொன்னாள். அவள் 'சரி' சொல்லும் வரையில் யாரையும் உள்ளே விடவில்லை, சித்தி!"

அக்கா ஒன்றும் பேசவில்லை. குழந்தையின் தலையை ஒரு தரம் தடவிக் கொடுத்துவிட்டு, பால் பொங்குகிறது என்று உள்ளே போனாள்.